சாவிக்கொத்து மூளையின் கரண்டை இழுக்காது

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை எப்போதுதான் விடப்போகிறோம்? சாவி கீறிய உள்ளங்கை, கரண்டிக் காம்பைக் கடித்து உடைந்த முன்பல் என்று வலிப்போடு காயத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்டால், “மூளையில கரண்டு கூடிட்டு சார், இரும்பு இழுத்துரும்லா” என்பார்கள்.

இழுக்காது. மூளையில் ஓடுவது கம்பியில் வரும் கரண்டு இல்லை. சோடியமும் பொட்டாசியமும் நரம்பு செல்லின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் போய் வருவதுதான் அங்கே மின்சாரம். ஒரு செல்லின் துடிப்பு ஏறக்குறைய 1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். அது கை வழியாக இறங்கிச் சாவிக்குப் போக வழியே இல்லை. பெரும்பாலான வலிப்பு 1 முதல் 3 நிமிடத்தில் தானே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். பெயர் மட்டும் சாவிக்கு.

‘கூடிட்டு’ என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக்கு இரண்டு தெரு தள்ளி நின்று பாருங்கள். ஆளாளுக்குப் பேசுவது வெறும் இரைச்சல். வடம் பிடிப்பவர்கள் ஒரே மூச்சில் போடும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யும் அப்படித்தான். தனி செல்லின் துடிப்பு அதற்குக் கேட்காது. மூளையின் மேலடுக்கான புறணியில் வரிசையாக நிற்கும் பிரமிடு வடிவ நரம்பு செல்கள், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒன்றாக ஏறி இறங்கினால்தான் மண்டையோட்டைத் தாண்டி சில பத்து மைக்ரோவோல்ட் வெளியே வரும். அதனால்தான் செல்கள் ஒன்றாக ஏறி இறங்கும் ஆழ்ந்த தூக்கத்தில் அலைகள் பெரிதாகவும், அவை தனித்தனியே வேலை பார்க்கும் கணக்குப் போடும் நேரத்தில் சின்னதாகவும் இருக்கின்றன. வலிப்பில், தனித்தனியே வேலை பார்க்க வேண்டிய செல்கள் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் துடிக்கின்றன.

“ரிப்போர்ட் நார்மல்” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கும் இதுதான் பதில். அரை மணி நேரப் பதிவு அது. கோளாறான இடம் சிறியதாகவோ ஆழத்திலோ இருந்தால் வெளியே தெரியாது. வலிப்பு நோய் இருப்பவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. சுத்தமாகத்தான் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் தண்ணீரோ துணியோ வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள் தயவுசெய்து தாமிரபரணியில் தனியாகக் குளிக்க வேண்டாம், முழங்கால் தண்ணீர் என்றாலும்.

ஈ.ஈ.ஜி. எடுக்க வரும்போது முந்தின நாளே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது. அது கரண்டு வைக்கிற டெஸ்ட் இல்லை, பதிவு மட்டுமே எடுக்கும். வலிப்பு வரும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல சமயம் அரை மணி நேர அலையைவிட அந்த ஒரு நிமிடப் படம்தான் நோயைக் காட்டிக் கொடுக்கிறது.