ஜெண்டர்: பாலா, பாலினமா, பால்நிலையா?

பேராசிரியர் ஒருவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பைத் தமிழில் செப்பனிட்டுத் தரும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. மொத்தம் நான்கு வரிகள். மீடியா, ஜெண்டர், ஐடென்டிட்டி ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாகக் கற்பித்தும் ஆய்ந்தும் வருபவர் அவர் என்பது முதல் வரி. அனுப்பியவர் தாமே ஒரு வரைவும் எழுதியிருந்தார். அதில் அந்தப் பெரியவர் 'ஊடக, பாலியல், அடையாளப் பேராசிரியர்' ஆகியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. ஏன் தவறு என்று எழுதி அனுப்ப உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 'பாலியல்' தவறு என்று சொல்வது எளிது. சரியான சொல் எது, அது ஏன் சரி என்று சொல்வதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

ஜெண்டர் என்ற சொல்லின் மூலம் இலத்தீனில் உள்ள 'ஜெனுஸ்'. பிறப்பு, குலம், வகை என்பன அதன் பொருள்கள். அது பழைய பிரெஞ்சு மொழியில் 'ஜாந்ர்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. திரைப்படத்தின், கதையின் வகையைக் குறிக்க இன்று நாம் சொல்லும் 'ஜானர்' இதே சொல்லின் உடன்பிறப்புதான். வடமொழியின் 'ஜன்' என்ற வேரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, முதற்பொருள் 'வகை'. உடலோடும் உடையோடும் அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

அந்த 'வகை' இலக்கணத்துக்குள் நுழைந்த கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. பெயர்ச்சொற்களை ஆண், பெண், பொருள் என மூன்றாக வகுத்தவர் புரோத்தகோரசு என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு ஜெண்டர் என்பது பெரும்பாலும் இலக்கண ஆசிரியர்களின் சொல்லாகவே இருந்தது. அந்த வகுப்பு உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜெர்மன் மொழியில் 'சிறுமி' என்ற சொல் பெண்பால் அல்ல. ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் வகை. வடமொழி இலக்கணத்தில் பாலுக்கு 'லிங்கம்' என்று பெயர். அங்கே மனைவியைக் குறிக்கும் சொற்களில் 'பார்யா' பெண்பால், 'தார' ஆண்பால், 'களத்ர' இரண்டும் அல்லாதது. ஒரே மனைவி, மூன்று லிங்கம்!

இந்த இலக்கணச் சொல்லை மனிதரின் வாழ்க்கைக்கு இழுத்து வந்தது இருபதாம் நூற்றாண்டு. 1955இல் ஜான் மணி என்ற உளவியலாளர், பிறப்பிலேயே ஆண், பெண் என உடலைத் தெளிவாகப் பிரிக்க முடியாதவர்களைப் பற்றி எழுதும்போது 'ஜெண்டர் பாத்திரம்' என்ற தொடரைப் பயன்படுத்தினார். 1968இல் ராபர்ட் ஸ்டோலர் என்ற மனநல மருத்துவர் உடலை ஒரு சொல்லாலும், உடலுக்கு மேல் படியும் ஆண்தன்மை, பெண்தன்மை ஆகியவற்றை வேறு சொல்லாலும் பிரித்துப் பேசினார். 1972இல் ஆன் ஓக்லி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தப் பிரிவைப் பெண்ணியத்துக்கும் சமூகவியலுக்கும் கொண்டுவந்தார். உடற்கூறு இயற்கையிலிருந்து வருவது; அந்த உடல் எப்படி நடக்க வேண்டும், எதை உடுத்த வேண்டும், எவ்வளவு குரலில் பேச வேண்டும் என்பது சமூகம் சொல்லிக்கொடுப்பது. முதலாவது செக்ஸ், இரண்டாவது ஜெண்டர். அந்தப் பேராசிரியர் போன்றவர்களின் வேலை இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. (உடலைப் பற்றிய நம் பார்வையே சமூகம் வனைந்ததுதான் என்று 1990இல் ஜூடித் பட்லர் இந்தப் பிரிவையே கேள்விக்கு உள்ளாக்கியது தனிக்கதை. அதற்குள் போனால் இன்னொரு நாள் வேண்டும்.)

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'பால்' என்றால் பகுப்பு, பக்கம். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று குறளைப் பிரித்தபோது அந்தப் பொருளில்தான் பிரித்தார்கள். வடபால், தென்பால் என்பதும் அதுவே. 'அவன்பால் அன்பு கொண்டாள்' என்பதில் உள்ள பாலும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொருவருக்கும் பகுத்து ஒதுக்கப்பட்டது என்ற வகையில் ஊழுக்கும் பால் என்று பெயர் உண்டு. தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்கிறது. இலத்தீனில் 'வகை', தமிழில் 'பகுப்பு'. இரு மொழிகளின் இலக்கணக்காரர்களும் தனித்தனியே ஏறத்தாழ ஒரே இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதல்ல. தமிழில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று பால் ஐந்து. இவற்றில் ஆண், பெண் என்று பேசுபவை இரண்டே. மற்ற மூன்றும் எண்ணிக்கையையும் திணையையும் பற்றியவை. மேலும், சொல்லின் பால் பொருளைப் பின்பற்றியே வரும்; மனைவி மூன்று லிங்கத்தில் அலைய வேண்டியதில்லை. திராவிட மொழிகளின் இந்தப் பண்பைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

பொருளைப் பின்பற்றும் இலக்கணத்துக்கு ஒரு சிக்கல் வந்தே தீரும். இரண்டு பெட்டியிலும் அடங்காத மனிதரை எந்தப் பாலில் வைப்பது? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் நான்காம் நூற்பாவிலேயே இதற்கு வந்துவிடுகிறார். 'ஆண்மை திரிந்த' பெயர்களுக்கும் தெய்வப் பெயர்களுக்கும் தமக்கென்று ஈறு கிடையாது, அவை உயர்திணைப் பால்களின் ஈற்றையே கொள்ளும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்கிறார் பவணந்தியார். 'அவாவுதல்' என்ற வினையைக் கவனியுங்கள். விரும்பிச் சென்ற பாலே அவருடைய பால். இதைப் படித்துவிட்டு 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டக் கை எழும். சற்றுப் பொறுத்து அடுத்த அடியையும் படிக்க வேண்டும்: இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று அதே நூற்பா முடிகிறது. கொடுத்த கையே பிடுங்கியும் கொள்கிறது.

எனவே ஜெண்டருக்குப் பழைய 'பால்' போதாதா என்று கேட்டால், போதாது. அது இலக்கணத்துக்கும் உடலுக்கும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. சமூகம் வனைந்ததையும் அதன் தலையில் ஏற்றினால், எந்தப் பிரிவைச் சொல்ல இந்தத் துறையே தோன்றியதோ அந்தப் பிரிவு காணாமல் போகும். தமிழ்நாட்டில் இதற்கு வழங்கும் சொல் 'பாலினம்'. இலங்கைத் தமிழில் 'பால்நிலை' என்றும் எழுதுகிறார்கள். 'பால்நிலை சமத்துவம்' அங்கே நன்கு பழகிய தொடர்.

இரண்டில் எது நல்ல சொல் என்று கேட்டால், என் வாக்கு பால்நிலைக்கு. 'இனம்' என்ற சொல்லில் பிறப்பின் வாடை அடிக்கிறது. பிறப்பால் வருவது அல்ல என்று சொல்லவே பிறந்த கருத்துக்கு, பிறப்பை நினைவூட்டும் சொல் பொருந்தவில்லை. 'நிலை' அப்படி அல்ல. அது ஒருவர் நிற்கும் இடம், மாறக்கூடியது, மற்றவர் நிற்கும் இடத்தோடு ஒப்பிட்டால்தான் விளங்குவது. ஆனால் பாலினத்தைக் குறை சொல்லும்போதே ஜெனுஸ் நினைவுக்கு வந்து வாயை அடைக்கிறது. அதுவும் பிறப்பு, குலம் என்ற பொருளில் தொடங்கியதுதானே? மூலச்சொல்லின் அதே ஊனத்தோடு பாலினம் வந்திருக்கிறது என்றால், அது பிள்ளையின் குற்றம் அல்ல. விண்ணப்பப் படிவங்களிலும் சட்ட மொழியிலும் செய்தித்தாளிலும் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க நான் வரவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்குப் பாலினம், இலங்கை வாசகருக்குப் பால்நிலை என்று எழுதுவதே நடைமுறை.

விட்டுக்கொடுக்க முடியாதது 'பாலியல்' மட்டும். இயற்பியல், உயிரியல் போன்ற சொற்களைப் பார்த்தால் பாலியல் என்பது ஒரு படிப்பின் பெயராக இருந்திருக்க வேண்டும். வழக்கு அதை வேறு பக்கம் திருப்பிவிட்டது. இன்று பாலியல் என்றால் உடலுறவு, உடலின் விழைவு, அவை சார்ந்த வன்முறை ஆகியவற்றைக் குறிக்கும் அடைமொழி. பாலியல் கல்வி வேறு, பாலினக் கல்வி வேறு. 'பாலியல் சமத்துவம்' என்று எழுதுபவர் தாம் எழுத நினைக்காத ஒன்றை எழுதிவிடுகிறார்.

இந்தப் பிரிவு ஏட்டுச்சண்டை அல்ல என்பதை அந்தத் துறையின் ஆய்வுகளைப் பார்த்தால் தெரியும். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்ற ஒன்று 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரே நாளின் செய்திகளைப் பல நாடுகளில் எடுத்து, அவற்றில் பேசப்படுபவரும் பேசுபவரும் யார் என்று எண்ணுகிறது. முதல் முறை எண்ணியபோது பெண்கள் 17 சதவீதம், 2020இல் 25. இங்கே எண்ணப்படுவது தலைகள். சொன்னால் பால் என்றே சொல்லலாம். 1970களில் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தது வேறு வகை. ஆணின் கை பொருளை இறுகப் பிடித்திருக்கிறது. பெண்ணின் விரல்கள் அதை வருடுகின்றன, அல்லது அதன் விளிம்பில் மெல்ல ஓடுகின்றன. ஆண் உயரத்தில் நிற்கிறான். பெண் படுக்கையிலோ தரையிலோ இருக்கிறாள், தலை சற்றே சாய்ந்திருக்கிறது. இதில் எதுவும் உடற்கூறில் இல்லை. இதற்குத்தான் பாலினம் என்ற தனிச்சொல் வேண்டியிருக்கிறது. படத்தில் பெண்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலும் விரல்கள் வருடிக்கொண்டே இருக்கலாம். முதல் கணக்கு திருந்தியிருக்கும். இரண்டாவது அப்படியே இருக்கும்.

தமிழ்ச் செய்தித்தாளே இதற்கு நல்ல ஆய்வுக்களம். 'மருத்துவர்' என்றால் ஆண், 'பெண் மருத்துவர்' என்றால் பெண். 'ஆண் மருத்துவர்' என்ற தலைப்பை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? இத்தனைக்கும் பலர்பாலின் 'அர்' ஈற்றை மரியாதைக்குக் கடன் வாங்கியதால் 'மருத்துவர் வந்தார்' என்று ஆண், பெண் காட்டாமல் எழுதும் வசதி தமிழுக்கு இயல்பாகவே இருக்கிறது. வசதி இருந்தும் முன்னால் 'பெண்' ஒட்டிக்கொள்கிறது. அதைவிடக் கனமான எடுத்துக்காட்டு 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்துபோனதாகச் சொல்லப்பட்டது பாதிக்கப்பட்டவளின் கற்பு. அந்த ஒரு சொல் எத்தனை ஆண்டுகள் செய்தியாளர்களின் பேனாவில் இருந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது! இன்று பொறுப்புள்ள பத்திரிகைகள் 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' என்று எழுதுகின்றன. இங்கே 'பாலியல்' சரியான இடத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். திருநர் சமூகத்தையும் தன்பால் ஈர்ப்புள்ளோரையும் இழிவான பெயர்களால் எழுதும் வழக்கத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் விளைவாக, 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. ஊடகம், பாலினம், அடையாளம் மூன்றும் ஒரே அரசாணையில் சந்தித்த தருணம் அது.

மற்ற இரண்டு சொற்களுக்கு வருவோம். மீடியா என்பது 'நடு' என்று பொருள்படும் இலத்தீன் மீடியத்தின் பன்மை. தமிழில் 'ஊடு' என்றால் இடை, நடு. ஊடகம் என்ற சொல்லை ஆக்கியவர் எவராயினும் அவருக்கு ஒரு கும்பிடு; வேரோடு வேர் பொருந்துகிறது. பள்ளி இயற்பியலில் ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது வளைகிறது என்று படித்திருப்போம். செய்திக்கும் அது பொருந்தும்.

ஐடென்டிட்டி அவ்வளவு இணக்கமானது அல்ல. இலத்தீனின் 'இதெம்' என்றால் 'அதுவே'. நேற்று இருந்தவரே இன்றும் இருக்கிறார் என்ற ஒருமைதான் ஐடென்டிட்டியின் உள்ளே இருப்பது. தமிழின் 'அடையாளம்' மற்றவருக்குக் காட்டும் குறி. பெரியாழ்வார் திருமொழியில் அனுமன் சீதையிடம் தான் இராமனின் தூதன்தான் என்று மெய்ப்பிக்க, அவர்கள் இருவரின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மல்லிகை மாலையால் கட்டிய செய்தியைச் சொல்லி 'ஆர்த்ததும் ஓர் அடையாளம்' என்கிறான். கடைசியில் மோதிரத்தைக் காட்டுகிறான். அடையாளம் என்பது எதிரில் இருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய சான்று. அடையாள அட்டை இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'நான் யார் என்று நானே அறிந்திருப்பது' அதில் முழுமையாக ஏறவில்லை. 'பாலின அடையாளம்' என்று எழுதும்போது இந்த இடைவெளி உறுத்தும்: ஒருவர் தம்மைப் பெண் என்று உணர்வது எவருக்கும் காட்ட வேண்டிய மோதிரம் அல்ல. தேவைப்படும் இடத்தில் 'தன்னடையாளம்' என்று எழுதிப் பார்க்கிறேன்; உறுத்தல் பாதியாகக் குறைகிறது.

பதவிப்பெயர் இன்னும் மிச்சம். துறையைப் பாலினவியல் எனலாம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்ப்பலகை உள்ள துறையில் இருப்பதில்லை. சமூகவியலிலோ இலக்கியத்திலோ இதழியலிலோ ஒரு நாற்காலி, பாடம் மட்டும் இது. அதனால் 'பாலினவியல் பேராசிரியர்' என்று சுருக்காமல், செய்யும் வேலையை வினையாகவே எழுதினேன்: 'ஊடகங்கள் பாலினத்தையும் தன்னடையாளத்தையும் எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைக் கற்பித்தும் ஆய்ந்தும் வருபவர்.' குறிப்பை அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அச்சுப்படி வந்தது. யாரோ அக்கறையாக ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். 'பாலினத்தையும்' என்ற இடத்தில் 'பாலியலையும்' இருந்தது.