கட்டுப்பாடு இரண்டு வாரம், சூல் மூன்று வாரம்

மலேசியாவில் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 16ஆம் நாள் இரவு அறிவிக்கப்பட்டு, 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சுங்கை சிப்புட்டை ஒட்டிய சிறிய ஆய்வு விலங்குக் கூடம் ஒன்றில் கால்நடை மருத்துவராக இருந்த எனக்கு, இடையில் கிடைத்தது ஒரே ஒரு வேலைநாள். கட்டுப்பாடு மார்ச் 31 வரைதான் என்று முதலில் சொல்லப்பட்டதால், இனப்பெருக்கக் கூண்டுகளில் ஆண், பெண் சுண்டெலிகளைப் பிரிக்கும் முடிவை நாங்கள் ஐந்து நாள் தள்ளிப்போட்டோம். அது பெரும் பிழை. சுண்டெலியின் சூல்காலம் ஏறத்தாழ மூன்று வாரம்; குட்டி ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடியும் சினைப்பட்டுவிடும் என்பதால், பாலூட்டிக்கொண்டிருக்கும் தாயின் வயிற்றிலும் அடுத்த ஈற்று வளர்ந்துகொண்டிருக்கும். பிரித்த பிறகும் ஏப்ரல் நடுப்பகுதி வரை குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. பெண்ணோடு சேர்ந்திருந்த ஆண் எலிகளை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்; ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. ஆட்கள் பாதியாகக் குறைந்த நேரத்தில் கூண்டுகள் பெருகின.

கூண்டுகளைப் பராமரித்தவர், முன்பு தோட்டத்தில் பால்மரம் சீவிய அக்கா ஒருவர். அவர் வீடு, கட்டுப்பாட்டு ஆணை வகுத்த பத்து கிலோமீட்டர் எல்லைக்கு அப்பால் இருந்தது. ஒருநாள் காலை சாலைத் தடுப்பில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கொடுத்த கடிதத்தில் வேலையின் பெயர் இருந்ததே தவிர, அது நிறுத்தக்கூடாத வேலை என்ற விளக்கம் இல்லை. கடிதத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு அவர் வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது. வந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு தண்ணீர்ப் போத்தலின் குழாய் முனையையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கூண்டின் முன் நின்று, "டாக்டர், இதுல தண்ணி இறங்கல" என்றார். போத்தல் நிறைந்திருந்தது, முனையிலிருந்த சிறு உருண்டை சிக்கியிருந்தது. தண்ணீர் இல்லாத சுண்டெலி தீனியையும் விட்டுவிடும், ஓரிரு நாளில் ஒடுங்கிப்போகும். போத்தல் நிறைந்திருப்பதைப் பார்த்து, எல்லாம் சரி என்று நான் அந்தக் கூண்டைக் கடந்துபோயிருந்தேன்.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கத்தில் பரவிய கோவிட் கிருமி சாதாரணச் சுண்டெலியைத் தொற்றவில்லை, ஆனால் ஹாம்ஸ்டரை எளிதில் தொற்றியது. 2022இல் ஹாங்காங்கில் ஹாம்ஸ்டரிடமிருந்து மனிதருக்கும் பரவியது. ஆகவே கூண்டறையில் அணியும் முகக்கவசம் இரு தரப்பையும் காக்கிறது.

கருணைக் கொலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை எழுத முடியாது. பராமரிக்க ஆளின்றிப் பட்டினியில் வாட விடுவதைவிட, முறையாகக் கொன்றுவிடுவது நேர்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த 'முறையாக' என்ற சொல்லுக்குள் நிறைய வேலை இருக்கிறது. கரியமில வாயுவைப் பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 விழுக்காடு என்ற அளவில் செலுத்த வேண்டும். வேகம் தவறினால் விலங்கு வலியும் திணறலும் அனுபவிக்கும். அப்போதுதான் பிறந்த குட்டிகளோ அந்த வாயுவை நெடுநேரம் தாங்கும். அவற்றுக்கு வேறு வழியும் பயிற்சி பெற்ற கையும் தேவை. இனப்பெருக்கத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்வதற்கு இதுவே என் முதன்மைக் காரணம். வலியில்லாமல் கொல்வதற்கு மிகக் கடினமான உயிர்களைத்தான் அந்த ஐந்து நாள் தாமதம் எங்கள் கையில் கொடுத்தது.

1998, 99இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை பரவிய நிப்பா நோயின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டதை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. எந்தெந்தக் கூண்டுகளில் உள்ளவற்றைக் கொல்வது என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது அக்கா அதைத்தான் நினைவுகூர்ந்தார். தாம் வளர்த்தவற்றைக் கொல்லும் அறையில் அவரை நிற்கவைக்கக்கூடாது என்று அன்றே முடிவுசெய்தேன். மறுநாள் காலியான கூண்டுகளைக் கழுவும் வேலையையும் நானே செய்தேன்.

ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உரிமம் கேட்கிறது. உரிமக் கோப்பில் நோய்ப்பரவல் காலத் திட்டம் ஒன்றும் இருக்கட்டும். எங்கள் கூண்டறைக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கும் மூவரின் பெயர்கள், திருத்திய கடிதத்தின் நகல், எந்த இனவகைகளைக் கட்டாயம் காக்க வேண்டும் என்ற வரிசை, அறிவிப்பு வந்த அன்றே கூண்டுகளைப் பிரிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற ஒரு வரி. அதற்கும் கீழே அக்கா தம் கையால் எழுதியிருக்கிறார்: போத்தலைப் பார்த்தால் போதாது, தொட்டுப் பார்க்கவும்.