தண்ணீர் திறந்துவிடுபவருக்கு என்ன சான்றிதழ்?

பாய்லரை இயக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்கிறது சட்டம். லாரி ஓட்டத் தனி லைசென்ஸ். புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டுப் போனால், வயரிங் செய்தவர் உரிமம் பெற்றவர்தானா என்று பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கிராமமே குடிக்கும் தண்ணீரில் குளோரின் கலக்கிறவருக்கு நம் நாட்டில் அப்படிக் கட்டாய உரிமம் ஏதும் கிடையாது. முந்தைய ஆள் ஓய்வு பெற்றதும், கூட இருந்து வால்வு திருப்பிப் பழகியவர் அந்த வேலைக்கு வந்துவிடுவார். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. பெரும்பாலும் இந்த வேலை கைமாறுவது இப்படித்தான்.

குடிநீர், கழிவுநீர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலையில் இருக்கிறேன். இப்போது எங்கே போனாலும் ‘சான்றிதழ்’ என்ற பேச்சு. நல்லதுதான். ஆனால் எப்படிப்பட்ட சான்றிதழ் என்பதில்தான் எனக்குக் கவலை. காரணம், கனடாவில் நடந்த ஒரு சம்பவம்.

ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். 5,000 பேர்கூட இல்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பலத்த மழை. ஊருக்குத் தண்ணீர் தந்த ஆழமில்லாத ஒரு கிணற்றில், பக்கத்துப் பண்ணையின் மாட்டுச்சாணத்திலிருந்த ஈ.கோலை கிருமி கலந்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 2,300 பேருக்கு உடல்நிலை கெட்டது. குடிநீர் நிலையத்தை நடத்திய மேலாளரும் ஃபோர்மேனும் சகோதரர்கள். இருவரிடமும் முறையான ஆபரேட்டர் சான்றிதழ் இருந்தது! பரீட்சை எழுதி வாங்கியதல்ல. ‘பல வருடமாக வேலை பார்க்கிறீர்கள், வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பணிக்காலத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தது.

குளோரின் அளவைத் தினமும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அவர்கள் சோதிக்காமலேயே 0.5, 0.75 என்று வழக்கமான எண்களை எழுதி வந்தார்கள். கெட்ட எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரை அவர்களும்தான் குடித்தார்கள். குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரே சுத்தம் என்று உண்மையாகவே நம்பினார்கள். தினமும் ஒழுங்காக அளந்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும் என்றது நீதிபதி ஓ’கானர் தலைமையிலான விசாரணை. அதன் பிறகுதான் ஒன்டாரியோவில் 2002-இல் புதிய பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. ஆபரேட்டர்களுக்கான விதிகள் இறுகின. அதே ஊரில் ஒரு பயிற்சி மையமும் அமைந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரிலும் முன்அனுபவத்தை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு தேசியத் திறன் திட்டங்களில் இருக்கிறது. இருபது வருடம் மோட்டார் ரூமில் கிடந்தவரை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைப்பது அநியாயம். அதனால் அந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் அனுபவத்தைக் காட்டித் தேர்வுக்கு வரலாம், தேர்விலிருந்து தப்பிக்கக் கூடாது. சில மணி நேர வகுப்பு, ஒரு குரூப் போட்டோ, கையில் ஒரு காகிதம் என்று முடிந்தால் நாமும் வாக்கர்ட்டன் சான்றிதழைத்தான் அச்சடிக்கிறோம்.

சரி, எதைச் சோதிப்பது? நான் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, பக்கத்தில் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர். ‘எவ்வளவு போடுவீர்கள்?’ என்று கேட்டால் பலரும் கையால்தான் அளவு காட்டுவார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், இந்தத் தொட்டிக்கு 60 கிராம் குளோரின். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 200 கிராம் பவுடர் போதும். ஆனால் மூட்டையைத் திறந்து, ஈரம் படும் மூலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தால் வீரியம் பாதியாகிவிடும். அப்போது 400 கிராம் வேண்டும். ஆக, அதே கையளவைத் தவறாமல் போட்டு வருபவர், தெரியாமலேயே பாதி மருந்துதான் போடுகிறார்.

அப்புறம் கலக்கும் விதம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது விட்டுவிட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பிறகு முக்கியமான இடம், கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியின் குழாயில் ஊற்றி, சோதனைக் கரைசல் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். வண்ண அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதக் குளோரின் தெரிய வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500 சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. தொட்டிக்கு அடியிலேயே சோதித்துவிட்டு வந்துவிடுவது பரவலான பழக்கம். அங்கே எப்போதும் மஞ்சள் வரும்தான்.

இதைச் செய்து காட்டுகிறவருக்குச் சான்றிதழ் கொடுங்கள். ‘குளோரினின் வேதிக்குறியீடு என்ன?’ என்று நான்கு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொல்லும் தேர்வு, படித்த பையன்களை மட்டும் பாஸ் ஆக்கும். எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு வாய்மொழித் தேர்வு வேண்டும். சென்னை அடுக்ககங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒடிசா, பீகார்க்காரர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு அவர்கள் மொழியில் வேண்டும். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் முதலில் ஒரு வாரம் மோட்டார் ரூமில் உட்காரட்டும். மாநாட்டு அறையில் எழுதிய பாடத்திட்டம் பார்த்தாலே தெரியும், அதில் பதிவேடு பக்கம் பக்கமாக இருக்கும், அடைத்துக்கொண்ட வால்வு இருக்காது.

அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது, நமக்கும் பொருந்தும். நிலையத்தின் அளவையும் சிக்கலையும் பார்த்து அதற்கு ஒரு தரம் கொடுக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் அந்தத் தரத்துக்கோ அதற்கு மேலோ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சி நேரம் காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். கிராமத்து ஒற்றைத் தொட்டிக்காரர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டியின் கசடுக் கணக்கைக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. ஆனால் அடுக்ககச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவர், ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கசடை அரை மணி நேரம் தங்கவிட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து நிலைமையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்ப் பக்கம் வந்தால் சான்றிதழின் பொருளே மாறிவிடுகிறது. மேன்ஹோலுக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்கி அபாயகரமாகச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இங்கே கற்றுக்கொடுக்க வேண்டியது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் ஜெட்டிங் இயந்திரத்தையும் கழிவை உறிஞ்சும் லாரியையும் இயக்குவது, வாயு மீட்டரைப் படிப்பது. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. ‘வாடை இல்ல, இறங்கலாம்’ என்று சொல்லும் மூத்த தொழிலாளியின் அனுபவம் ஆளைக் கொல்வது இந்த இடத்தில்தான்.

தேர்வில் நான் கட்டாயம் வைக்கச் சொல்லும் கேள்வி ஒன்று: ‘கூட வந்தவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டார். என்ன செய்வீர்கள்?’ உடனே குதிப்பேன் என்பவர் தேறவில்லை. அது மனிதாபிமானம்தான், ஆனால் ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து இறங்கியவர்களும் சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 112-க்குக் கூப்பிட வேண்டும், மற்றவர்களை இறங்கவிடாமல் தடுக்க வேண்டும், முடிந்தால் வெளியிலிருந்தே காற்று செலுத்த வேண்டும்.

இவ்வளவு தேர்வையும் தாண்டி வந்தவருக்கு என்ன கிடைக்கும்? இப்போதைக்குப் பல இடங்களில் ஒன்றுமில்லை. ஒப்பந்ததாரர் அதே சம்பளத்தைத்தான் தருவார், ‘இறங்க மாட்டேன்’ என்று சொன்னால் நாளைக்கு வேறு ஆள். ஒப்பந்தப் புள்ளியிலேயே ‘சான்று பெற்ற ஆபரேட்டர் இத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் இவ்வளவு’ என்று எழுதினால்தான் இது நகரும். தேர்வுக் கட்டணத்தையும் நிர்வாகமே கட்ட வேண்டும்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள், அடுத்த முறை பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது விலையோடு சேர்த்து இதையும் கேட்டுப் பாருங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை இருக்கிறது. அன்றைக்குக் குளோரின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒரே எண் எழுதியிருந்தால், கடைசித் தெருக் குழாயில் உங்கள் கண் முன்னாலேயே ஒரு முறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.