ஆறு ஆண்டுகள் குரலாக மட்டும் இருந்த ஆந்தை

கண்ணால் பார்க்காத பறவையை, கூவலை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று எப்படிச் சந்தேகிக்க முடியும்? வாசகர் ஒருவர் கேட்ட இந்தக் கேள்விக்கு இலங்கையின் செரண்டிப் ஆந்தையை வைத்தே பதில் சொல்லலாம்.

1995இல் கித்துல்கல மழைக்காட்டில் பறவையியலாளர் தீபால் வரகாகொட ஓர் இரவுக் குரலைக் கேட்டார். தீவில் தெரிந்த எந்த ஆந்தையோடும் அது பொருந்தவில்லை. அவர் அந்தப் பறவையைப் பார்த்தது 2001 ஜனவரி 23ஆம் தேதி, சிங்கராஜ வனத்தில். 2004இல் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனுடன் சேர்ந்து அதற்கு ‘ஓட்டஸ் திலோஹொஃப்மன்னி’ என்று பெயர் சூட்டினார். மைனாவை விடச் சிறிய, செம்பழுப்பு நிற ஆந்தை. உடலெங்கும் சிறு கரும்புள்ளிகள். அதன் குடும்பத்துச் சிற்றாந்தைகளுக்கு இருக்கும் காதுக் கொம்பு, அதாவது தலையில் காது போல நிமிர்ந்து நிற்கும் இறகுக் கற்றை, இதற்குக் கண்ணில் படுவதில்லை.

குரல் ஏன் அவ்வளவு நம்பகமான சான்று? குயிலுக்கும் ஆந்தைக்கும் கூவல் பிறவியிலேயே அமைந்தது. பாடும் பறவைகளும் கிளிகளும் தேன்சிட்டை ஒத்த அமெரிக்க ரீங்காரச் சிட்டுகளும்தான் மற்றவற்றைக் கேட்டுப் பழகுகின்றன. அதனால் அவற்றின் பாட்டில் ஊருக்கு ஊர் வட்டார வழக்கு உண்டு. ஆந்தைக் குஞ்சு யாரிடமும் பாடம் கேட்பதில்லை. ஆகவே தெரிந்த ஓர் ஆந்தை திடீரென்று வேறு மாதிரி கூவாது. கூவல் அடியோடு வேறென்றால் பறவையும் வேறாக இருக்கலாம். தீவில் உள்ள மற்ற இரு சிற்றாந்தைகளில் ஒன்று தவளை போல ஒற்றை ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பும். இன்னொன்று மூன்று தட்டாகக் கூவும். செரண்டிப் ஆந்தையுடையதோ மெலிதாக நடுங்கும் ஒரு தாழ்ந்த ஒலி. ஒரு முறை கூவிவிட்டு ஏறக்குறைய அரை நிமிடம் மௌனம்.

தாழ்ந்த ஒலி காட்டுக்கு ஏற்றது. 7,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5 செ.மீ. அளவே, இலைகளில் பட்டுச் சிதறிவிடும். 700 ஹெர்ட்ஸ் என்றால் அரை மீட்டர். இலையைச் சுற்றி வளைந்து போய்விடும். கீச்சிடும் பூச்சிகளின் இரைச்சலுக்கும் கீழே அது தனியாகக் கேட்கும்.

ஆனால் தேடுபவருக்கு அதுவே தொல்லை. சட்டென்று தொடங்கும் கூரிய ஒலியின் திசையைக் காது எளிதில் பிடிக்கும். மெல்ல எழுந்து அடங்கும் ஒற்றை ஒலியில் தடுமாறும். அடுத்த கூவலுக்குள் பறவை கிளை மாறியிருக்கும். இருவர் 50 மீட்டர் இடைவெளியில் நின்று திசைகாட்டியால் ஒரே கூவலின் திசையைக் குறித்தால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தேடலாம். பத்து பாகை பிழை என்றால் 50 மீட்டரில் 9 மீட்டர் விலகிப்போகும். இருட்டுப் புதரில் அது பெரிய தூரம். ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பி வரவழைப்பதும் சரியல்ல. எதிரி வந்துவிட்டது என்று எண்ணி ஆந்தை இரைதேடலை விட்டுவிடும்.

காட்டில் விட்டுவரும் தானியங்கி ரெக்கார்டர்கள் இதற்கு நல்ல மாற்று. ஓடைக்கு அருகே கட்டக்கூடாது. நீரின் இரைச்சல் தாழ்ந்த ஒலியையே முதலில் மூழ்கடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் என்று சிக்கனமாகப் பதிந்தால் அதிகம் போனால் இரண்டு கூவல்தான் கிடைக்கும். தொடர்ந்து பத்து நிமிடமாவது வேண்டும். ஈரத்தில் மைக்கின் மேலுறை ஊறிவிட்டால் ஒலி மந்தமாகும். ‘ஆந்தை இல்லை’ என்று எழுதுவதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும்.

இந்த ஆந்தை வாழ்வது இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நில மழைக்காடுகளில் மட்டுமே. தேயிலைக்கும் ரப்பருக்கும் வெட்டியது போக அவை துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கின்றன. அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இது பட்டியலிடப்பட்டிருக்கிறது. அடர்ந்த கீழ்ப்புதரில், தரைக்கு அருகே பூச்சி பிடிக்கும் பறவை இது. பெருமரங்களை விட்டுவிட்டுப் புதரை மட்டும் அழித்தாலும் அதன் இரைக்களம் போய்விடும். 1970களில் சிங்கராஜவில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை இதற்கு வைத்தது மிகப் பொருத்தம். அன்று அந்தக் காடு போயிருந்தால், 2001இல் பார்ப்பதற்கு அங்கே ஆந்தை இருந்திருக்குமா?

இரவு அலறலைப் பேய்ப்பறவை என்று அஞ்சும் வழக்கம் இலங்கையில் பழையது. அச்சத்தை விட எனக்கு வருத்தம் தருவது, ஒலிப்பதிவுக் காப்பகங்களுக்குப் பணம் ஒதுக்க எங்கும் இருக்கும் தயக்கம். செயற்கைக்கோள் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் காப்பகத்தின் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு பதிவிலும் இடம், நாள், நேரம், கருவி ஆகிய நான்கும் குறித்திருந்தால், இன்று யாருக்கும் அடையாளம் தெரியாத கூவலைக்கூட இருபது ஆண்டு கழித்து எடுத்து ஒப்பிடலாம்.