பிசுக்கு: பேட் கண்டாமினேஷனுக்கு நம்ம ஊர் சொல்

டிஸ்க் பிரேக் சைக்கிள் வச்சிருக்கவங்க காதுல என்னைக்காச்சும் ஒருநாள் இது விழுந்திருக்கும், "பேட் கண்டாமினேட் ஆயிடுச்சு". அதாவது, சக்கரத்தோட சுத்துற வட்டத் தகட்ட (டிஸ்க்க) ரெண்டு பக்கமும் கவ்வி நிறுத்துற கட்டைல எண்ணெய் ஏறிடுச்சு. எனக்கு இது புரிஞ்சது தஞ்சாவூர்லேந்து திருவையாறு போற ரோட்டுல. முந்தின நாள் ராத்திரி செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சேன், பின் சக்கரத்து வட்டு (டிஸ்க்) மேல ஒரு துணிய போட்டு மூடணும்னுகூட தோணல. காலைல வடவாத்து பாலம் எறங்குறப்ப பிரேக்க புடிச்சா ஆட்டுக்குட்டிய காத புடிச்சு தூக்குன மாதிரி ஒரு கத்தல், அப்புறம் வெண்ணாறு வெட்டாறு குடமுருட்டி காவேரின்னு அஞ்சு ஆத்து பாலத்துலயும் கத்திகிட்டே போறேன், ரோட்டுல போறவங்கல்லாம் திரும்பி பாத்து ஒதுங்குறாங்க, வண்டி மட்டும் நிக்க மாட்டேங்குது. சத்தம் ஜாஸ்தி புடிமானம் கம்மி, இது ரெண்டும் சேந்து வந்தா முக்காவாசி சந்தேகம் இதுமேலதான் போகணும்.

திருவையாத்துல ஒரு சின்ன கடை, அங்க இருந்த பெரியவர் பேட கழட்டி கட்டவிரலால ஒரு தடவு தடவி மூக்குகிட்ட கொண்டுபோனாரு. "தம்பி, கட்டைல பிசுக்கு ஏறிப்போச்சு"ன்னாரு. அவ்ளோதான், மூணே வார்த்தை.

கண்டாமினேஷன்ங்கிற சொல் லத்தீன்லேந்து வந்தது, அதோட வேர்ல இருக்கிறது தொடுறதுங்கிற அர்த்தம். ஒட்டுவாரொட்டி நோய சொல்ற கன்டேஜியஸ், கணக்கு வகுப்புல தொடுகோடுன்னு படிச்சோமே அந்த டேஞ்சென்ட், எல்லாம் ஒரே வேர்தான். தொட்டதால கெட்டது, அதான் கண்டாமினேஷன். இத அப்படியே தமிழ்ல தேடுனா நேரா வந்து நிக்கிற சொல் தீட்டு, அதுவும் தீண்டுங்கிற வினைலேந்து பொறந்ததுதான், தீண்டுறதுன்னா தொடுறது. ரெண்டு மொழிக்கும் ஒரே யோசனை வந்திருக்கு பாருங்க. ஆனா நான் அந்த சொல்ல எடுக்க மாட்டேன். அந்த ஒத்த வார்த்தைய வச்சுகிட்டு நம்ம டெல்டா கிராமங்கள்ல யார எங்க நிக்க வச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அத ஒரு சைக்கிள் பார்ட்டுக்கு வச்சு வெளையாட மனசு வரல.

மாசுன்னு போடலாம், அகராதிப்படி தப்பில்ல, ஆனா கேட்டா சாக்கடையும் புகையும்தான் ஞாபகம் வருது. கலப்படம்னா வேணும்னே கலக்குறது, பால்ல தண்ணி மாதிரி. பிசுக்கு அப்படி இல்ல, எண்ணெயும் அழுக்கும் சேந்து கண்ணுக்கு சரியா தெரியாம கைக்கு மட்டும் தெரியிற ஒரு ஒட்டல், அதுக்குன்னே இருக்கிற சொல். பிசின், பிசுபிசுப்பு எல்லாம் அதோட சொந்தக்காரங்க. அகல் விளக்க தொட்டா வருமே, தலகாணி உறைல இருக்குமே, அதேதான். அதனால என் ஓட்டு பெரியவர் சொன்னதுக்கே, கண்டாமினேட்டட் பேட்னா பிசுக்கேறுன கட்டை.

கட்டைங்கிறதும் சும்மா வந்ததில்ல. ரப்பர் வச்ச பழைய சைக்கிளுக்கே நாம பிரேக் கட்டைன்னுதான் சொல்லிட்டிருக்கோம். அதுக்கும் முன்னாடி தேர் சக்கரத்துக்கு போடுற முட்டுக்கட்டை இருக்கு. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் காரங்க ஹைட்ராலிக் பிரேக் வச்சு கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போடுற ஆளுங்க சக்கரத்துகிட்ட ஓடிட்டுதான் இருக்காங்க. டிஸ்க்குக்கு வட்டு, ஸ்கூல்ல வட்டு எறிதல்னு சொல்றோமே அதே வட்டு, அந்த டிஸ்கஸும் இந்த டிஸ்க்கும் ஒரே கிரேக்க சொல்தான். கட்டைங்கள புடிச்சு வச்சிருக்கிற காலிப்பருக்கு இடுக்கின்னு சொல்லிப் பாருங்க, அடுப்படில பாத்திரத்த புடிக்கிறது மாதிரி இதுவும் ரெண்டு பக்கமும் வந்து வட்ட கவ்வுது, கச்சிதமா இருக்கு.

சரி, பிசுக்க எடுக்கிறது எப்படி? வட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுத்தமான துணில நனச்சு ரெண்டு பக்கமும் தொடைங்க, தொடச்ச பக்கத்தாலயே திரும்ப தொடைக்காதீங்க. எண்ணெ தேச்சு குளிக்கிறப்ப சீயக்கா செய்யிற வேலைய இங்க அது செய்யுது. சக்கரம் வெளில இருக்கிறப்ப பிரேக் லிவர மட்டும் அமுக்கிடாதீங்க, ஹைட்ராலிக்கா (எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யிறது) இருந்தா கட்டை ரெண்டும் மூடிக்கும், அப்புறம் நெம்பித்தான் பிரிக்கணும். கட்டைய கழட்டி, தரைல உப்புத்தாள சமமா விரிச்சு மேல் பரப்பு போற வரைக்கும் தேய்க்கணும். இதுக்கு நம்மகிட்ட இன்னொரு தீட்டு இருக்கு, இது வேற, கத்தி தீட்டுறது அரிசி தீட்டுறதுல வர்ற தீட்டு. மேல இருக்கிற தவிட்ட எடுத்து உள்ள இருக்கிற வெள்ளைய கொண்டு வர்றது, இங்கயும் அதேதான் நடக்குது. கட்டைல மருந்து (தகட்டு மேல ஒட்டியிருக்கிற, வட்டுல உரசுற பகுதி) ஏற்கனவே 1 மில்லிமீட்டர்கிட்ட வந்துருந்தா தீட்டாதீங்க, மாத்திடுங்க. ரெசின் கட்டை (மருந்த பிசின் வச்சு இறுக்குன வகை) எண்ணெய நல்லா குடிச்சிடும், எவ்ளோ தீட்டுனாலும் சூடானா உள்ளேந்து திரும்ப கசியும், அதுவும் மாத்துற கேஸ்தான். சிலபேர் கேஸ் அடுப்புல சுட்டு எடுக்குறாங்க, மருந்து தகட்ட விட்டு கழண்டு வரும், பொகையும் நல்லதில்ல, நான் செய்ய மாட்டேன்.

ஒண்ணு கவனிங்க. ஸ்ப்ரே எதுவும் அடிக்கல, ஆனா மாட்டுன புது கட்டையும் ஒரு வாரத்துல கத்துதுன்னா இடுக்கிக்குள்ள கட்டைய தள்ளுற பிஸ்டன் ஓரமா எண்ணெய் ஈரம் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. இருந்துச்சுன்னா அது பிசுக்கு இல்ல, கசிவு, எத்தன கட்டை மாத்துனாலும் தீராது.

எல்லாம் மாட்டுன பிறகு ஒரு வேலை பாக்கி, இங்கிலீஷ்ல பெட்டிங் இன். ஆள் நடமாட்டம் இல்லாத ஆத்தங்கரை ரோட்டுல கொஞ்சம் வேகமா போயி, சக்கரம் லாக் ஆகாம நடக்குற வேகத்துக்கு கொண்டு வந்து விடணும், முன்னும் பின்னும் தனித்தனியா ஒரு 20 தடவ. அப்பதான் கட்டை மருந்து லேசா வட்டுல ஏறி புடிமானம் வரும். இதுக்கு நான் வச்சிருக்கிற பேரு படிய வைக்கிறது. தலைமுடி படியிறது இல்ல, ஆத்துல வண்டல் படியிறது.