கடல் ஏன் மழைநீரை வாங்குவதில்லை?

மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று அது நகருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, கடலிலேயே வடக்கு நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. ஆனாலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. மழை விட்ட பிறகும் தண்ணீர் இறங்காததுதான் மக்களை அதிகம் வாட்டியது. "கடல் தண்ணிய வாங்கல" என்ற பேச்சு அந்த நாட்களில் எங்கும் கேட்டது. இடுப்பளவு நீரில் நின்றவர்களும் சொன்னார்கள், அதிகாரிகளும் சொன்னார்கள். பொறுப்பைக் கடல்மேல் போடுகிறார்களே என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் கடல் வாங்கவில்லை என்பதும் உண்மைதான். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால், எதற்காகக் கோபப்பட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் மழையைப் பார்த்துவிடலாம். புயல் என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, எங்கே கரையைக் கடக்கும் என்பது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது அடுத்தது. இரண்டுமே காற்றைப் பற்றிய கேள்விகள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையை நேராகக் கடந்தபோது அந்தக் கேள்விகளுக்குப் பொருள் இருந்தது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ஆனால் எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்பதை முடிவு செய்வது, பெரும்பாலும் புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான்.

புயலுக்கு எரிபொருள் வெதுவெதுப்பான கடல்நீர். கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பமே அந்தச் சுழலை ஓட்டுகிறது. கரையேறிவிட்டால் அந்த எரிபொருள் நின்றுபோகும். சில மணி நேரத்தில் புயல் தளரத் தொடங்கும். மிக்ஜாம் போலக் கரைக்கு இணையாக நகரும் புயலுக்கு இந்தத் தடை இல்லை. அதன் மையமும் கிழக்குப் பாதியும் கடலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க, மேற்குப் பக்கத்து மழைமேகப் பட்டைகள் நகரத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொட்டும். தன்னை இழுத்துச் செல்லும் மேலடுக்குக் காற்று பலவீனமாக இருந்தால் புயல் தயங்கி நிற்கும். மழையும் அதே இடத்தில் நிற்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் புதுச்சேரியை விட்டு நகராமல் நின்றதே, அப்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. பெய்தது. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே இல்லை.

மிக்ஜாமின்போது சென்னையின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர். மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் 40 செ.மீ. பெய்ததாக வைத்துக்கொண்டால் 17,000 கோடி லிட்டர், அதாவது 6 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். ஒன்றரை செம்பரம்பாக்கத்துக்கும் மேலான நீர் தெருக்களிலும் மொட்டை மாடிகளிலும் நேராக வந்து விழுந்திருக்கிறது. மேற்கே காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வரும் நீர் இதில் சேரவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று நடந்தது அதுவும் சேர்ந்துதான். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அந்த நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. வந்த நீரை வாங்க எந்த ஏரியிலும் இடம் இருக்கவில்லை. செம்பரம்பாக்கத்தில் திறந்த நீரும், மற்ற ஏரிகளிலிருந்து வழிந்ததும், நகரத்தில் பெய்ததும் அடையாற்றில் ஒன்றுசேர்ந்தன.

சரி, இத்தனை நீரும் எப்படி வெளியேற வேண்டும்? சென்னை ஏறத்தாழ ஒரு தாம்பாளம். அதைக் கடல் பக்கம் மிக மிக லேசாகச் சாய்த்து வைத்திருக்கிறது. நகரத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது; நடுவே கூவம் நேப்பியர் பாலத்தருகே; அதற்குத் தெற்கே அடையாறு; இன்னும் தெற்கே கோவளம் முகத்துவாரம். கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் இவற்றை இணைக்கிறது. மழைநீருக்குக் கடலுக்குப் போக இருக்கும் முக்கிய வாசல்கள் இந்த நான்குதான்.

இவற்றில் தென்சென்னையின் வழிதான் ரொம்பச் சுற்று. அந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு. அப்புறம் தெற்கே 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முட்டுக்காடு தாண்டிக் கோவளத்தில் கடல். கடற்கரை கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்க, தண்ணீர் இவ்வளவு தூரம் கரைக்கு இணையாகவே நடக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரை ஓட வைப்பது தூரம் அல்ல, மட்ட வித்தியாசம். ஒரு கணக்குக்காக, சதுப்புநிலத்தில் வெள்ளம் கடலைவிட 2 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, போக வேண்டிய தூரம் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 10 செ.மீ. சரிவு. கண்ணுக்கே தெரியாத சரிவு அது. இப்போது வெளியே கடல் 1 மீட்டர் உயர்ந்தால் சரிவு பாதியாகிவிடும். திறந்த கால்வாயில் நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; ஆகவே சரிவு பாதியானால் வேகம் சுமார் 30 சதவீதம் குறையும். வானமோ வேகத்தைக் குறைக்கவில்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் வீட்டுக்குள் ஏறும் தண்ணீர்.

கடல் அப்படி உயருமா? உயரும், அதுவும் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து. அதிகம் பேசப்படாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக் கரையில் கடல் மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரை ஒட்டித்தான் அதுவும் உச்சத்தில் இருக்கிறது. கோடையைவிட ஏறக்குறைய ஒரு சாண் அதிகம். வடக்கிலிருந்து தெற்கே கரையோரமாக வீசும் பருவக்காற்றும், அப்போது தெற்கு நோக்கி ஓடும் கடல் நீரோட்டமும், கங்கை உள்ளிட்ட பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய உப்புக் குறைந்த லேசான நீரும் இதற்குக் காரணம். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேற்பரப்பு நீர் நேராகப் போகாமல், காற்றின் திசைக்கு வலப்புறமாக ஒதுங்கும். வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு வலப்புறம் மேற்கு. மேற்கே இருப்பது நம் கரை. ஆக, சென்னைக்குத் தன் ஆண்டு மழையில் பெரும்பகுதியைக் கொண்டுவரும் அதே பருவம், வாசலில் கடலையும் உயர்த்தி வைத்துவிடுகிறது.

புயல் இதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 செ.மீ. உயரும், அதைக் கீழே அழுத்தும் பாரம் குறைந்துவிட்டது அல்லவா. புயலின் மையத்தில் அழுத்தம் 20, 25 அலகு குறைந்திருக்கும். தள்ளியிருக்கும் கரையில் அந்தப் பாதிப்பு அதைவிடக் குறைவு. புயல் தென்கிழக்கில் இருக்கும்போது சென்னையில் வடகிழக்குக் காற்று பலமாக வீசி நீரைக் கரைநோக்கித் தள்ளும். அது நேர் கிழக்கே வந்ததும் காற்று வடக்காக மாறும். அப்போதும் முன்பு சொன்ன வலப்புற ஒதுக்கம் ஓரளவு வேலை செய்யும். கரையில் ஓயாமல் உடையும் பெரிய அலைகள் திரும்பிப் போக விடாமல் இன்னும் கொஞ்சம் நீரைக் குவிக்கும். இதற்கெல்லாம் மேலே, நிலவின் ஈர்ப்பால் கடல் மட்டம் ஏறி இறங்கும் ஓதம் ஒரு நாளைக்கு இருமுறை வரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒரு சாண், இரண்டு சாண்தான். ஆனால் மொத்தச் சரிவே கிலோமீட்டருக்குச் சில செ.மீ. இருக்கும் ஊரில் ஒரு சாண் பெரிய விஷயம்.

முகத்துவாரத்துக்கு மணலாலும் ஒரு தொல்லை. சென்னைக் கரையோரம் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காலத்தில் வடக்கே, மழைக்காலத்தில் தெற்கே, நிகரமாக வடக்கே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டன. நாம் காற்று வாங்கும் மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்ததும் அதனால்தான். கூவம் கடலில் கலப்பது அந்த மணல் சேரும் பக்கத்தில், துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே. மழையில்லாத மாதங்களில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் மணலைத் தள்ளிவிட வலுவில்லை. வாயில் திட்டு வளர்கிறது. பெருவெள்ளம் வந்தால் ஆறே அதை உடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் உடைப்பதற்குத் தேவையான உயரம் வரும்வரை நீர் பின்னால் தேங்க வேண்டும். அந்தச் சில மணி நேரம் யாருடைய வீட்டில் கழிகிறது என்பதுதான் கேள்வி. மழைக்கு முன்பே முகத்துவாரத்தில் பொக்லைன் இறங்குவது மிக அவசியமான வேலை. கரையோர மீனவர்கள் எந்தத் திட்டு எப்போது அடைக்கும் என்று நன்றாக அறிவார்கள். 2015இலும் 2023இலும் படகுகளைக் கொண்டுவந்து நகரத்து மக்களைத் தெருத்தெருவாக மீட்டவர்களும் அவர்களே. முகத்துவாரத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்களையும் உட்கார வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடல் உயரும் நேரத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஓதம் இறங்கும், புயல் விலகும், காற்று திரும்பும். அதுவரை தண்ணீர் எங்காவது காத்திருந்தால் போதும். பள்ளிக்கரணை செய்துவந்த வேலை இதுதான். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்புநிலம் அது. குப்பைமேடு, சாலைகள், ஐ.டி. வளாகங்கள், குடியிருப்புகள் என்று சுருங்கி, சதுப்பாக மிஞ்சியது சில நூறு ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் அது சேர்ந்தது நல்ல செய்தி. ஆனால் இழந்த கொள்ளளவு திரும்பி வரவில்லை. 1,000 ஹெக்டேர் சதுப்பில் நீர் 1 மீட்டர் உயர்ந்தால் 1,000 கோடி லிட்டர் தங்கும். அந்த இடத்தை மண்ணடித்து உயர்த்தினால் அதே 1,000 கோடி லிட்டர் அடுத்த தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். வேளச்சேரியில் வீடு வாங்கியவர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அங்கே கட்ட அனுமதித்தவர்களிடம்தான் இந்தக் கணக்கு இருந்திருக்க வேண்டும். மழைநீர் வடிகாலுக்குச் செலவழிப்பது தேவைதான், தெருவிலிருந்து நீர் சீக்கிரம் இறங்கும். ஆனால் கடைசி வாசல் அடைத்திருக்கும் நேரத்தில் நல்ல வடிகால் என்ன செய்யும்? மேட்டுத் தெருவின் நீரைப் பள்ளத் தெருவுக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்து கிழக்கே கடலுக்கு நேராக ஒரு வெட்டுக்கால்வாய் என்ற யோசனையும் உண்டு. இயற்பியல்படி அதில் பொருள் இருக்கிறது: அதே 2 மீட்டர் வித்தியாசம் 20 கிலோமீட்டருக்குப் பதில் 2 கிலோமீட்டரில் கிடைத்தால் சரிவு பத்து மடங்கு. ஆனால் புது வாயும் அதே மணல் ஓட்டத்தின் குறுக்கேதான் நிற்கும், தூர்வாராவிட்டால் அடைத்துக்கொள்ளும். கடல் பொங்கும்போது அந்த வழியாக உப்புநீர் உள்ளே வராமலிருக்க மதகும் வேண்டும், அதை இயக்க ஆளும் வேண்டும்.

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; உலகளவில் கடல் மட்டம் இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. உள்ளே வரும் நீர் கூடுகிறது, வாசலும் உயர்கிறது.

இந்த இடத்தில் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறைவு. 2015 டிசம்பர் 1க்கு இரண்டு நாள் கழித்துத் தேய்பிறை அரைநிலா. மிக்ஜாம் கொட்டிய 2023 டிசம்பர் 4க்கு மறுநாளும் தேய்பிறை அரைநிலாதான். இரண்டு பெருவெள்ளங்களும் ஓதம் மிகவும் அடங்கியிருந்த நாட்களில் வந்தவை. மிக்ஜாம் எட்டு நாள் தாமதித்து டிசம்பர் 12 அமாவாசையில் அதே மழையோடு வந்திருந்தால், உயரோத நேரங்களில் கோவளத்திலும் அடையாற்று வாயிலும் கடல் இன்னும் கால் மீட்டர் அளவுக்கு உயர்ந்து நின்றிருக்கும். நகரத்துக்கு வெள்ள வரைபடம் தயாரிப்பவர்கள் 2015ஐயும் 2023ஐயும் மிக மோசமான நாட்களாக எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அந்த மழையை அமாவாசை ஓதத்தோடு சேர்த்து ஓட்டிப் பார்த்து, அதில் எந்தெந்தத் தெரு மூழ்குகிறது என்பதை மக்களுக்குக் காட்ட வேண்டும்.