கட்டிலிலிருந்து கட்டிலுக்கு

1847 அக்டோபரில், வியன்னா பொது மருத்துவமனையின் முதலாம் மகப்பேற்றுப் பிரிவில், மருத்துவர்கள் பார்வையிடத் தொடங்கும் முதல் கட்டிலில் ஒரு கர்ப்பிணி படுத்திருந்தார். அவருக்குக் கருப்பையில் புற்று இருந்தது. அதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவரைப் பரிசோதித்தவர்கள் சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவிவிட்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். அப்போது அங்கே பிரசவித்த 12 பெண்களில் 11 பேர் இறந்துபோனார்கள்.

கைகழுவும் ஒழுங்கு அந்தப் பிரிவுக்கு அப்போது புதிதாக வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் அங்கே உதவி மருத்துவராக இருந்த ஹங்கேரியர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஒரே வளாகத்தில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். 1846இல் மாணவர்களின் பிரிவில் பிரசவத்திற்கு வந்த பெண்களில் 11.4 விழுக்காட்டினரும், மருத்துவச்சிகளின் பிரிவில் 2.8 விழுக்காட்டினரும் இறந்தார்கள். இந்த வேறுபாட்டிற்கான காரணம் 1847 மார்ச்சில் அவருக்குப் புலப்பட்டது. பேராசிரியர் யாக்கோப் கொல்லெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டதால் இறந்தார். அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடல்களில் கண்டவற்றையே ஒத்திருந்தன. மாணவர்கள் காலையில் பிணவறையில் வேலை செய்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருவார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை. மே மாதத்திலிருந்து, பிரசவ அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் விதித்தார். ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 விழுக்காடாகக் குறைந்தது.

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். என் கணக்கில் அதைவிடப் பெரிய பாடம் அக்டோபரில்தான் கிடைத்தது. பிணத்தின் துகள்தான் நஞ்சு என்று அதுவரை செம்மல்வைஸ் எண்ணியிருந்தார். எனவே பிரசவ அறையின் வாசலில் ஒருமுறை கைகழுவினால் போதும் என்பது அவர் முடிவு. முதல் கட்டிலில் இருந்தவரோ உயிரோடு இருந்த நோயாளி. அதன் பிறகுதான் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற விதி பிறந்தது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அந்தக் கட்டில்களுக்கு இடையிலுள்ள சில அடித் தூரத்தை எப்படி அடைப்பது என்பதைப் பற்றியதே. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கே இருக்கும்போதே குறைந்தது ஒரு புதிய தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு தொற்றுக்கு உள்ளாகிறவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

கையில் இருக்கும் நுண்ணுயிரிகள் இரு வகைப்பட்டவை. தோலின் அடுக்குகளிலும் மயிர்க்கால்களிலும் நிலையாகக் குடியிருப்பவை ஒரு வகை. அவற்றை முழுவதும் அகற்ற முடியாது, அன்றாட வேலைகளில் அகற்ற வேண்டிய தேவையும் இல்லை. எதைத் தொட்டோமோ அதிலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவை மற்றொரு வகை. மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியிருக்கும் இவையே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகின்றன; எளிதில் நீங்குபவையும் இவையே. நோயாளியின் உடலை மட்டும்தான் தொட வேண்டும் என்பதில்லை. கட்டிலின் பக்கக் கம்பி, டிரிப் ஸ்டாண்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் துணிப்பட்டை ஆகியவற்றில் ஸ்டாஃபிலோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் உலர்ந்த நிலையிலும் பல நாள்கள், சூழல் வாய்த்தால் சில மாதங்கள்கூட, உயிரோடு இருக்கும். செவிலியர் ஒருவர் மூன்றாம் கட்டில்காரரின் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். நான்காம் கட்டிலில் டிரிப் முடிந்துவிட்டது என்று உறவினர் கூப்பிட, அப்படியே திரும்பி அதை நிறுத்துகிறார். கையில் உறை போட்டிருக்கிறார் என்பதால் நமக்குத் தூய்மையாகத் தோன்றுகிறது. உறை காப்பாற்றுவது அவருடைய கையை. நான்காம் கட்டிலுக்கு அந்த உறையும் வெறும் கையும் ஒன்றுதான்.

இந்த வேலைக்குச் சோப்பைவிட ஆல்கஹால் ஏற்றதாக இருப்பதற்கு வேதியியல் காரணம் ஒன்று, நேரக் காரணம் ஒன்று என இரண்டு காரணங்கள் உண்டு. ஆல்கஹால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைக் குலைத்து, உள்ளிருக்கும் புரதங்களின் மடிப்பை அவிழ்த்துவிடுகிறது. புரதம் அவ்வாறு அவிழ்வதற்கு நீரும் உடனிருக்க வேண்டும். இதனால்தான் கலப்பில்லாத ஆல்கஹாலைவிட, 60 முதல் 80 விழுக்காடு ஆல்கஹாலும் எஞ்சியது நீருமாக உள்ள கலவை நன்றாகக் கொல்லும். சுத்தமான ஸ்பிரிட்தான் வீரியமானது என்ற எண்ணம் தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் செய்முறைகளில் ஒன்று 80 விழுக்காடு எத்தனாலும் 1.45 விழுக்காடு கிளிசரினும் 0.125 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டது. கிளிசரின் சேர்ப்பது தோல் வறண்டு வெடிக்காமல் இருப்பதற்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு நம் கைக்காகச் சேர்க்கப்படுவதன்று. புட்டிக்குள்ளேயே தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய பாக்டீரியா ஸ்போர்களை, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் பாக்டீரியா வடிவங்களை, ஒழிப்பதற்காகச் சேர்க்கப்படுவது.

நேரக் காரணம் இன்னும் முக்கியமானது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க ஒரு நிமிடம் ஆகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை கைகழுவ வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கே இருபது நிமிடம் போய்விடும். ஆல்கஹால் கைத்தேய்ப்புத் திரவம் கட்டிலின் தலைமாட்டிலேயே இருந்தால் 20 முதல் 30 வினாடி போதும், நடக்கவும் வேண்டியதில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் தீதியே பித்தே குழுவினர் இதைத்தான் செய்து பார்த்தார்கள். அங்கே கைத்தூய்மை விதியைக் கடைப்பிடித்தல் 1994இல் 48 விழுக்காடாக இருந்து 1997இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்றுகள் 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தன. வேலை நெருக்கடி கூடக் கூடக் கைகழுவுதல் குறைகிறது என்பதையும் அவர்களே அளந்து காட்டியிருந்தார்கள். செவிலியர்களின் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிற பலரும் அந்த ஒரு நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆல்கஹால் தோற்கும் இடமும் உண்டு. குடலில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, உடலுக்கு வெளியே தடித்த பல உறைகளுக்குள் உறங்கும் ஸ்போராகவே பிழைத்திருக்கிறது; ஆல்கஹால் அதற்குள் நுழைவதில்லை. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் உதவும். அவை ஸ்போரைக் கொல்வதில்லை, கையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின் சார்ந்த ஹைப்போகுளோரைட் கரைசல் வேண்டும். அந்தக் கரைசல் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழப்பதால் அன்றன்றைக்குக் கலக்கப்பட வேண்டும். நேற்றைய வாளியில் குளோரின் வாசனை மிஞ்சியிருப்பது வீரியத்துக்குச் சான்றாகாது.

ஸ்போரைக் கட்டாயம் கொன்றே ஆக வேண்டிய இடம் அறுவைக் கருவிகள். அதற்கு உலர் வெப்பம் என்றால் 160 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் ஆகும். நீராவி என்றால் 121 பாகையில் 15 நிமிடம் போதும். குறைந்த வெப்பம் விரைவாகக் கொல்வது எப்படி என்பதை இட்லிப் பானையைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அறிவார்கள். நீராவி குளிர்ந்த பொருளைத் தொட்டதும் நீராக மாறி, தன் உள்ளுறை வெப்பம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல அது ஐந்து மடங்குக்கும் மேல். கூடவே வரும் ஈரம் புரதத்தை உறையச் செய்கிறது. ஆனால் இந்த நீராவிக் கலமான ஆட்டோகிளேவுக்குள் காற்று சிக்கியிருந்தால், அந்த இடத்தை நீராவி தொடாது. அங்கே இருக்கும் கத்தரிக்கோல் சூடாகும், தூய்மையாகாது. பொட்டலத்தின்மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றுவதை வைத்து எல்லாம் சரி என்று சிலர் முடிவு செய்வதுண்டு. அந்தக் கோடு, பொட்டலம் வெப்பத்தைக் கண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. உண்மையான சோதனைக்கு, வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடிய ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களைப் புட்டியில் இட்டு உள்ளே வைத்து, பிறகு அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

கையும் கருவியும் தூய்மையாக இருந்தாலும், உடலுக்குள் குழாய் இருக்கும்வரை கிருமிக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கும். சிறுநீர் வெளியேறுவதற்காகச் செருகிய குழாயின் பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் குடியேறுகின்றன. குளத்துப் படிக்கட்டின் பாசியைக் காலால் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் தன்மை விளங்கும். தனித்து மிதக்கும்போது இறந்துவிடும் அளவைப் போலப் பல மடங்கு ஆன்டிபயாட்டிக்கை அந்தப் படலத்துக்குள் இருக்கும்போது அவை தாங்குகின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் புதிதாகப் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை இருக்கிறது. என் உறவினர் ஒருவரை ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது, தூக்கிச் செல்ல வசதியாக அவருடைய சிறுநீர்ப் பையை வயிற்றின்மேலேயே வைத்துவிட்டார்கள். அந்தப் பை உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் இருந்தால், பையில் தேங்கிக் கிருமி பெருகிய சிறுநீர் குழாய் வழியாகத் திரும்ப உள்ளே இறங்கும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும் என்பதை நானும் பிறகே தெரிந்துகொண்டேன்.

பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் சென்ட்ரல் லைனில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே கிருமி நேராக இரத்தத்தில் கலக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் ஐந்து வேலைகளை மட்டும் வற்புறுத்தினார்கள்: கைத்தூய்மை, குழாய் செலுத்தும்போது உடல் முழுவதும் மூடும் துணிகள், தோலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, தொடை வழியாகக் குழாய் செலுத்துவதைக் கூடியவரை தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை எடுத்துவிடுதல். 2006இல் வெளியான முடிவின்படி, குழாய் இருந்த 1000 நாள்களுக்கு 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. ஐந்தில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரநிலை தவிர மற்ற நேரங்களில், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே செவிலியருக்குத் தரப்பட்டது. நம் ஊர் வார்டில் ஒரு சிஸ்டர் பெரிய டாக்டரைப் பார்த்து, “சார், கொஞ்சம் நிறுத்துங்க, கை துடைக்கலை” என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தால், ஐந்து விதிகளில் இல்லாத இந்த ஆறாவது எவ்வளவு கடினமானது என்று புரியும்.

கை, கருவி, குழாய் ஆகிய மூன்றையும் அடைத்த பிறகும் காற்று எஞ்சுகிறது. காசநோய்க் கிருமி இருமலில் வரும் நுண்துளிகளில் ஏறி அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அதற்குக் கைத்தேய்ப்பு பயன்படாது, காற்று மாற வேண்டும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ஆய்வாளர்கள் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு மணிக்கு 12 முறை காற்று மாறுவது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்கு 28 முறை மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 முறை மாறியது, ஜன்னல் வைத்த புதிய கட்டடங்களில் 17 முறைதான் மாறியது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கியபோது, திறந்த வெளியும் காற்றும் நோயாளியைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையே அத்தகைய மருத்துவமனைகளின் அடித்தளமாக இருந்தது. காற்று காசநோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அடுத்த கட்டிலில் இருப்பவரை அது காப்பாற்றியிருக்கும். இப்போது புதுப்பிக்கப்படும் வார்டுகளில் பொய்க்கூரை இறக்கி, ஸ்பிளிட் ஏசி மாட்டி, ‘ஜன்னலைத் திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுகிறார்கள். அந்த ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்து, எல்லாக் கட்டில்களுக்கும் சுற்றிச் சுற்றித் தருகிறது.